நேர்காணலில் ‘நான்’ என்று சொல்வது பெருமையா?

 

திருவொற்றியூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், சில மாதங்களுக்கு முன்பு அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் நம் அருகே வந்து அமர்ந்தார். வணிகவியல் பட்டதாரி. ஒரு கன்டெய்னர் கிடங்கில் ஒப்பந்தப் பணியாளராக 2 ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவர். அன்று காலை வேறொரு நிறுவனத்தில் நிரந்தர மேற்பார்வையாளர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்று, கால் மணி நேரத்திலேயே வெளியே வந்திருந்தார்.

“என்ன கேட்டார்கள்?” என்று வினவினோம்.

“நடக்கவிருந்த தவறு ஒன்றை நீங்கள் முன்கூட்டியே கண்டு தடுத்த சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள், பாய். அப்படி எதுவும் நடந்ததில்லை, கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்வேன் என்றேன். உடன் பணியாற்றுபவரோடு கருத்து வேறுபாடு வந்தபோது என்ன செய்தீர்கள் என்றார்கள். நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருப்போம் என்றேன். பிறகு அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.”

அவருடைய பழைய வேலையைப் பற்றிப் பேச்சு திரும்பியது. ஒரு மழை இரவில், வாயிலைக் கடக்கவிருந்த டிரெய்லரில் சீல் எண் மாறியிருந்ததைத் தாம் கண்டதையும், பின்னால் நின்ற ஓட்டுநர்கள் கூச்சலிட்டும் அந்த வண்டியை விடாமல் நிறுத்தியதையும் அவர் போகிற போக்கில் சொன்னார். நாம் திகைத்துப் போனோம். “இதைத்தானே அவர்கள் கேட்டார்கள்? ஏன் சொல்லவில்லை?” என்றோம். அவர் வெகுளியாக நம்மைப் பார்த்தார். “அது என் வேலைதானே, பாய்? அதைப் போய் நான் செய்தேன், நான் செய்தேன் என்று பெருமையடிப்பதா?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாம் அன்று சரியாகச் சொல்லாத பதிலாகும்.

மாறிவிட்ட வாயில்

வடசென்னையில் வேலை என்பது நீண்ட காலம் உடல் வலிமையாலும் அறிமுகத்தாலும் கிடைத்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் மகன், மேஸ்திரியின் சொல்லால் அதே துறைமுகத்திற்குள் நுழைந்தான். ஆலையில் இருந்த மாமா, மருமகனுக்கும் ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். யாருடைய பிள்ளை என்பதே அன்றைய நேர்காணலின் முதல் கேள்வியாகவும் கடைசிக் கேள்வியாகவும் இருந்தது.

அந்த உலகம் மெல்ல மெல்லக் கரைந்தது. சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர்களுக்கென்று தனி முனையம் 1983-இல் தொடங்கப்பட்டது. நூறு தோள்கள் நாள் முழுதும் இறக்கிய சரக்கைப் பாரந்தூக்கி ஒன்று சில நிமிடங்களில் இறக்கத் தொடங்கியது. 2001-இல் அம்முனையத்தின் இயக்கம் தனியார் கைக்குச் சென்றது. அதே ஆண்டில், இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. அடுத்துக் காட்டுப்பள்ளியும் வந்தது. பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. துறைமுகங்களைச் சுற்றிக் கிடங்குகளும், சுங்க முகவர் அலுவலகங்களும், போக்குவரத்து நிறுவனங்களும் பெருகின.

இன்று அங்கே ஆள் எடுப்பவர்களுக்கு நம்முடைய தகப்பனார்களைத் தெரியாது. அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் அப்பணிக்குத் தேவையான திறன்கள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன: பாதுகாப்பு உணர்வு, கூடிப் பணியாற்றுதல், நெருக்கடியில் முடிவெடுத்தல், தவறை ஒப்புக்கொள்ளுதல். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கேள்வி. ஒவ்வொரு விடைக்கும் மதிப்பெண். இதையே திறன்சார் நேர்காணல் என்கிறோம்.

இம்முறையின் அடிப்படை எளிமையானது. ஒருவர் நாளை எப்படி நடந்துகொள்வார் என்பதை அறிய வேண்டுமானால், நேற்று எப்படி நடந்துகொண்டார் என்று கேள். “நீங்கள் பொறுமைசாலியா?” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “பொறுமையை இழக்கும் நிலை வந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் உண்மையில் பொறுமை காத்தவரிடம் மட்டுமே சொல்வதற்குச் செய்தி இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படைக்காகப் பணியாற்றிய உளவியலாளர் ஜான் ஃப்ளானகன், விமானிகளிடம் பொதுவான கருத்துகளைக் கேட்பதை விட்டு, நடந்த நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தொகுக்கும் முறையை வளர்த்தார். 1954-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1973-இல் டேவிட் மெக்லெலண்ட், அறிவுத்திறன் தேர்வுகளைவிடப் பணிக்கு வேண்டிய திறனையே சோதிக்க வேண்டும் என்று வாதிட்டார். இன்றைய நேர்காணல் முறை இவர்கள் போட்ட பாதையில் வந்தது.

கடலோடிகளின் பிள்ளைகளுக்கு இது புதிதும் அன்று. ராஜாஜி சாலையில் துறைமுகத்தை ஒட்டியுள்ள வணிகக் கப்பல் துறை அலுவலகத்தில், கப்பல் அதிகாரிகளுக்கான திறன் சான்றிதழ் பெற வருபவர்கள் வாய்மொழித் தேர்வை எதிர்கொள்கிறார்கள். மூடுபனியில் வலப்புறத்திலிருந்து வேறொரு கப்பல் நெருங்கினால் என்ன செய்வாய் என்பது போன்ற கேள்விகள் அங்கே கேட்கப்படும். பாடநூலை ஒப்பிப்பவர் அங்கே தேறுவது கடினம். கடலை மனத்தில் கண்டு பேசுபவர் தேறுவார்.

பெருமையும் சாட்சியமும்

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். தன் செயலைத் தானே எடுத்துச் சொல்வது பெருமையாகுமா?

பெருமையை நம் மார்க்கம் எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். அணுவளவு பெருமையும் ஆபத்து என்று குழந்தைப் பருவத்திலேயே மக்தபில் கற்றோம். அந்தப் பாடம் நம் பிள்ளைகளின் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்திருப்பது நற்பேறே. ஆயினும் பெருமைக்கு அஞ்சி உண்மையையே மறைத்துவிடும் பழக்கமும் அதனோடு சேர்ந்து வந்துவிட்டதோ என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். எகிப்தின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு அவர்களே அரசரிடம் கேட்டார்கள். தாம் நன்கு பாதுகாப்பவர், நன்கு அறிந்தவர் என்னும் இரு தகுதிகளையும் அவர்களே எடுத்துரைத்தார்கள். திருக்குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் 55-ஆம் வசனத்தில் இச்செய்தி உள்ளது. ஒரு நபி தம் திறமையைத் தம் வாயால் சொன்னார்கள். அல்லாஹ் அதைக் கண்டிக்கவில்லை.

அந்தக் கூற்றுக்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அரசரின் கனவுக்கு விளக்கம் சொன்னதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுவது, உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரிலேயே விட்டுச் சேமிப்பது, பஞ்ச ஆண்டுகளில் அதை எடுத்துப் பயன்படுத்துவது என்று முழுத் திட்டத்தையே முன்வைத்தார்கள். பின்னர், சிறையிலிருந்து வெளியே வருமுன் தம் மீதிருந்த பழி விசாரிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டார்கள். அறிவுக்கும் நாணயத்துக்கும் சான்று முதலில் வந்தது. கூற்று அதற்குப் பின்னர் வந்தது. நேர்காணலுக்குச் செல்லும் எவருக்கும் இந்த வரிசையே போதுமான பாடம்.

மத்யனில் நடந்ததையும் நினைவுகூர்வோம். மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு அம்முதியவரின் மகள் பரிந்துரைத்தபோது, வலிமை, நம்பகத்தன்மை ஆகிய இரண்டையும் காரணமாகச் சொன்னார். 28-ஆம் அத்தியாயம் 26-ஆம் வசனம் இதைக் கூறுகிறது. இது உனக்கு எப்படித் தெரியும் என்று தந்தை மகளிடம் கேட்டதாகத் தஃப்ஸீர் நூல்கள் குறிப்பிடுகின்றன. பலர் கூடித் தூக்கும் கிணற்றுக் கல்லை அவர் தனியாகத் தூக்கியதையும், வழியில் தமக்கு முன்னால் நடந்து கண்ணியம் காத்ததையும் மகள் எடுத்துச் சொன்னார் என்று அவை விவரிக்கின்றன. ‘எப்படித் தெரியும்?’ என்ற தந்தையின் கேள்விதான் இன்று நேர்காணல் அறையிலும் கேட்கப்படுகிறது.

ஆகவே நாம் இவ்வாறு சொல்கிறோம்: நேர்காணலில் ஒருவர் தன் செயலைக் கூறுவது சாட்சியம் சொல்வதாகும். சாட்சியத்திற்கு நம் மார்க்கம் விதித்த ஒழுங்கு நாம் அறிந்ததே. கூட்டிச் சொல்லக் கூடாது, மறைக்கவும் கூடாது. கூட்டிச் சொல்பவர் பெருமையிலும் பொய்யிலும் விழுகிறார். மறைப்பவர் தம்மை மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவருக்கு உண்மையைத் தராமல் போகிறார். தம் குடும்பத்தின் உணவையும் கைநழுவ விடுகிறார்.

நம் வாழ்விலேயே விடைகள்

“எனக்கு அனுபவம் இல்லையே” என்பது அடுத்த தடை. பெரிய நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவம் மட்டுமே அனுபவம் என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதை அவர்களே மறந்துவிடுகிறார்கள்.

ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் இளைஞர் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று கணிக்க வேண்டும். பச்சரிசி, பருப்பு, இறைச்சி, எரிவாயு ஆகியவற்றின் இருப்பைப் பார்க்க வேண்டும். மஃரிபுக்கு ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது. ஜும்ஆ நாளில் கூட்டம் கூடும். மழை நாளில் குறையும். 30 நாள்கள் இதைப் பழுதில்லாமல் நடத்திய இளைஞர், திட்டமிடும் திறன் தமக்கு இல்லை என்று நேர்காணலில் சொல்லிவிட்டு வருகிறார்!

2015 டிசம்பர் வெள்ளத்தில் பள்ளிவாசல்களின் கதவுகள் மதம் பாராமல் திறந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, மீனவச் சகோதரர்கள் வாளிகளால் அதை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் நாள் இரவு பெரியகுப்பம் பகுதியில் அமோனியா கசிந்தபோது, மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நாள்களில் யாரோ ஒருவர் முதியவர்களின் பட்டியலைப் போட்டார். யாரோ ஒருவர் ஆட்டோக்களைத் திரட்டினார். யாரோ ஒருவர் பால் பாக்கெட்டுகளுக்கு வரிசையை ஒழுங்குபடுத்தினார். நெருக்கடியில் நீங்கள் எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள் என்ற கேள்விக்கு, வடசென்னையின் பிள்ளையைவிட அதிகம் சொல்லக்கூடியவர் யார்?

காசிமேட்டில் விசைப்படகின் இயந்திரத்தைப் பழுது பார்ப்பவருக்குத் துணை நின்றவர், அத்தாவின் இரும்புக் கடையில் கடன் வசூலித்தவர், வெல்டிங் பட்டறையில் தீப்பொறி விழும் இடத்திலிருந்து எண்ணெய்க் கேனை நகர்த்தி வைத்தவர் ஆகிய அனைவரிடமும் விடைகள் உள்ளன. அவற்றைத் தேடி எடுக்க ஒரு குறிப்பேடும் இரண்டு மாலைகளும் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் உங்களை உறங்கவிடாமல் செய்த பிரச்சினைகள் எவை, யார் உங்களுக்கு நன்றி சொன்னார், எங்கே தவறு செய்து திருத்திக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். ஆறு அல்லது ஏழு நிகழ்ச்சிகள் கிடைத்தால், பெரும்பாலான கேள்விகளுக்கு அவையே போதும்.

சொல்லும் முறை

நிகழ்ச்சி கிடைத்த பின் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்னும் நான்கு படிகளை மனத்தில் கொண்டால் பேச்சு சிதறாது. நம் திருவொற்றியூர் இளைஞர் நம்மோடு அமர்ந்து எழுதிய விடையை அவர் அனுமதியோடு தருகிறோம்:

“சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு 11 மணியளவில், இறக்குமதிச் சரக்கோடு ஒரு டிரெய்லர் வெளியேறும் வாயிலுக்கு வந்தது. கேட் பாஸில் உள்ள எண்ணோடு கன்டெய்னரின் சீல் எண்ணை ஒப்பிடுவது என் பொறுப்பு. கடைசி இரண்டு இலக்கங்கள் மாறியிருந்தன. பின்னால் 9 வண்டிகள் காத்திருந்தன. எழுத்துப் பிழையாக இருக்கும், விட்டுவிடலாம் என்றார் உடன் பணியாற்றியவர். நான் அந்த வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மற்றவற்றுக்கு வழிவிட்டேன். சீலைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பி, தொலைபேசியிலும் தெரிவித்தேன். அவர் ஆவணங்களைத் தேடிப் பார்த்ததில், இரண்டு கன்டெய்னர்களின் தாள்கள் இடம் மாறியிருந்தது 40 நிமிடங்களில் தெரியவந்தது. தவறான சரக்கு வெளியே போகவில்லை. மறுநாள் முதல் எண்ணை இருவர் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினோம்.”

இதில் எங்காவது பெருமை தென்படுகிறதா? நிறுத்தியதும் படம் எடுத்ததும் ‘நான்’. தேடிக் கண்டறிந்தவர் மேற்பார்வையாளர். புதிய வழக்கத்தைத் தொடங்கியது ‘நாங்கள்’. அவரவர் செயல் அவரவருக்கு உரியதாகிவிட்டது. சாட்சியத்தின் நீதி இதுவே. எல்லாவற்றையும் ‘நாங்கள்’ என்று சொன்னால், கேட்பவருக்கு உங்கள் பங்கு தெரியாது. எல்லாவற்றையும் ‘நான்’ என்று சொன்னால், உடன் நின்றவரின் உழைப்பைப் பறித்தவராவீர்கள்.

தோல்வியைப் பற்றிக் கேட்டாலும் இதே நேர்மை வேண்டும். “நான் அதிகமாக உழைப்பதுதான் என் குறை” என்பன போன்ற மனப்பாட விடைகளைக் கேட்டுக் கேட்டு அவர்கள் சலித்திருப்பார்கள். உண்மையில் செய்த ஒரு தவறையும், அதன் பின் மாற்றிக்கொண்ட ஒரு பழக்கத்தையும் சொல்லுங்கள். மனிதர் தவறு செய்பவரே, திருந்துபவரே சிறந்தவர் என்று நம்பும் சமுதாயத்திற்கு இது கடினமாக இருக்கக் கூடாது.

ஆங்கிலம் குறித்த அச்சமும் நம்மிடம் பெரிது. எந்த மொழியில் விடை சொல்லலாம் என்று தொடக்கத்திலேயே பணிவோடு கேட்டுவிடுங்கள். ஆங்கிலம்தான் என்றால், உங்கள் நிகழ்ச்சிகளைச் சிறு சிறு வாக்கியங்களில் முன்பே சொல்லிப் பழகுங்கள். தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு மூஸா (அலை) அவர்கள் இறைவனிடம் இறைஞ்சியதை நாம் துஆவாக ஓதுகிறோம். அவர்கள் அத்தோடு, தம்மைவிட நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துஆவும் துணையும் சேர்ந்தே இருந்தன. பழகிப் பார்க்க ஒரு துணை நமக்கும் தேவை.

பொய் நுழையும் வழிகள்

இவ்விடத்தில் கசப்பான ஒன்றையும் பேச வேண்டும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த விடைகளைத் தம் அனுபவமாக மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பணம் கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்குவோரும் இருக்கிறார்கள். ‘எல்லோரும் செய்வதுதானே’ என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

எல்லோரும் செய்வதால் ஹராம் ஹலாலாகிவிடாது. உலகக் கணக்கிலும் இது நிற்காது. பயிற்சி பெற்ற நேர்காணல் அலுவலர், முதல் விடையோடு விடுவதில்லை. அப்போது மணி என்ன, உடன் யார் இருந்தார், அவர் என்ன சொன்னார், வேறு வழி இருந்ததா என்று தோண்டிக்கொண்டே போவார். நடந்ததைச் சொல்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் நினைவைத் திறக்கும் சாவி. நடக்காததைச் சொல்பவருக்கு மூன்றாவது கேள்வியிலேயே நா வறளும். மேலும், பாரந்தூக்கியும் கொதிகலனும் பொய்ச் சான்றிதழைப் படிக்க மாட்டா. அங்கே திறனற்றவர் செய்யும் பிழை இன்னொருவரின் உயிரைக் கேட்கும்.

கப்பல் வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் முகவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கடலோடிகளிடம் வேலைக்காகக் கட்டணம் பெறுவதைக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தடை செய்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. நேர்காணலே இல்லாமல் வேலை தருகிறேன் என்பவரிடம், உம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்கும் அவலம் நம் வீடுகளில் இனி நடக்கக் கூடாது.

பெயரைப் பார்த்து ஒதுக்கினால்?

“எவ்வளவு ஆயத்தம் செய்தாலும், பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள்” என்று சிலர் சொல்கிறார்கள். இதை வெறும் மனக்குறை என்று நாம் தள்ளிவிடவில்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தது. முஸ்லிம் பெயருக்கும் தலித் பெயருக்கும் அழைப்புகள் குறைவாகவே வந்தன. நேர்காணலில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடும் கையூட்டும் நுழைகின்றன என்ற குறை காரணமாகவே, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கியது.

அநீதி இருக்கிறது. அதை எதிர்த்துச் சட்ட வழியிலும் கருத்து வழியிலும் குரல் கொடுப்பது நம் கடமை. அதே வேளையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனம்போன போக்கில் நடக்கும் நேர்காணலில்தான் முகமும் பெயரும் ஊரும் உடையும் அதிகம் பேசுகின்றன. எல்லோருக்கும் ஒரே கேள்வி, எழுதி வைத்த அளவுகோல், விடைக்கு மட்டும் மதிப்பெண் என்ற முறையில் அவற்றுக்கு இடம் குறைகிறது. ஒருவர் பணியில் எவ்வாறு செயற்படுவார் என்பதை முன்னறியும் வழிகளைப் பால் சாக்கெட்டும் அவர் சகாக்களும் 2022-இல் மறு ஆய்வு செய்தபோது, இவ்வாறு ஒழுங்கமைக்கப்பட்ட நேர்காணலே முதலிடத்தில் நின்றது. சிபாரிசுக் கடிதம் இல்லாத பிள்ளைக்கு, இம்முறை மற்ற வாயில்களைவிட அகலமான வாயிலே. அந்த வாயிலிலும் நாம் ஆயத்தமின்றிப் போய் நின்றால், பழியில் ஒரு பங்கு நம்முடையதும் ஆகும்.

நம் சகோதரிகளுக்கு இன்னும் கூடுதலான தடைகள் உள்ளன. திருமணத்துக்கும் குழந்தைகளுக்குமாக ஒதுக்கிய ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால், பலர் குற்றம் செய்தவர் போலத் தலை குனிகிறார்கள். அந்த ஆண்டுகளில் 20 பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுத்தவர் இருக்கிறார். மகளிர் குழுவின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர் இருக்கிறார். படுத்த படுக்கையான மாமியாருக்கு மருந்து நேரம் தவறாமல் பார்த்தவர் இருக்கிறார். அவையெல்லாம் சான்றுகள். ஹிஜாபைப் பற்றிக் கேட்டால் தயக்கமின்றி ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டுத் திறனைப் பற்றிய பேச்சுக்குத் திரும்புங்கள். ஜும்ஆவுக்கும் தொழுகைக்கும் நேரம் கேட்பதும் அவ்வாறே. பணி உறுதியானதும், விட்ட நேரத்தை எப்படி ஈடு செய்வீர்கள் என்பதோடு சேர்த்துத் தெளிவாகக் கேளுங்கள். பொறுப்போடு கேட்பவரின் கோரிக்கைக்கு மதிப்பு உண்டு.

மஹல்லாவின் கடமை

இவற்றையெல்லாம் ஓர் இளைஞர் தனியாகச் செய்துவிட முடியாது. இங்கேதான் ஜமாஅத்துகளிடம் நம் வேண்டுகோளை வைக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தை மாதம் இருமுறை இதற்கு ஒதுக்குங்கள். மதரஸாவின் ஓர் அறையும், ஒரு மேசையும், நான்கு நாற்காலிகளும் போதும். துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் வாகன ஆலையிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருக்கிறார்கள். நாளிதழ் படித்துப் பொழுது போக்கும் அவர்களை நேர்காணல் குழுவாக அமர்த்துங்கள். சகோதரிகளுக்குப் பணியில் உள்ள சகோதரிகளைக் கொண்டு தனிக் குழு அமையுங்கள். எல்லோருக்கும் ஒரே நான்கு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பெண். கைப்பேசியில் பதிவு செய்து, அவரவருக்கே போட்டுக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழையுங்கள். செலவு தேநீருக்கு மட்டுமே. அண்டை வீட்டு மீனவரின் மகனும், எதிர்த் தெருத் தலித் சகோதரரின் மகளும் அந்த அறைக்கு வரட்டும். வெள்ளத்தில் திறந்த கதவு வேலைக்காகவும் திறக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு வேலை கிடைக்காமலும் போகலாம். அபூதர் (ரலி) அவர்கள் பொறுப்பொன்றைக் கேட்டபோது, அது ஓர் அமானிதம் என்றும், அவர்கள் அதற்கு வலிமை குறைந்தவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இறையச்சத்தில் அந்தத் தோழர் யாருக்கும் குறைந்தவரல்லர். ஒரு பணிக்குப் பொருந்தாமை என்பது ஒரு மனிதரின் மதிப்புக்கு இடப்பட்ட தீர்ப்பு ஆகாது. தேர்வு பெறாத பிள்ளையை வீட்டில் யாரும் குத்திப் பேச வேண்டாம். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று அன்போடு கேளுங்கள். அடுத்த நேர்காணலின் ஆயத்தம் அங்கிருந்து தொடங்கட்டும்.

அந்த இளைஞர் அடுத்த வாரம் இன்னொரு நேர்காணலுக்குப் போகிறார். சாலையில் கன்டெய்னர் லாரிகள் மறித்து நிற்கும் என்பதால், விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுவதாகச் சொன்னார். முடிவு என்னவாகும் என்பது அல்லாஹ்வின் அறிவில் உள்ளது. இம்முறை சீல் எண்ணின் கதையைச் சொல்லாமல் வர மாட்டேன் என்று நமக்கு வாக்களித்திருக்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும், அதை அழகாகச் சொல்லும் நாவையும், ஹலாலான உணவையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.